இரண்டு முறை எழுதிய வரவு

பள்ளிகள் திறந்து, சீருடை வேலையெல்லாம் ஓய்ந்த ஆகஸ்ட் மாதத்தில்தான் ரேவதிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். அந்த ஆகஸ்டில் கணக்கு மென்பொருளுக்கு வருடச் சந்தா கட்டச் சொல்லிச் செய்தி வந்தது. போன வருடத்தைவிட இரண்டு மடங்கு. திருமுல்லைவாயிலில், ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், வாடகைக் கூடத்தில் பதினோரு மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறவள் அவள். அந்தக் காசுக்குப் துணியின் ஓரம் அடிக்கும் பழைய ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்கிவிடலாம்.

மாதாமாதம் வரிக் கணக்கு தாக்கல் செய்து தரும் அரவிந்தனிடம் ஃபோனில் புலம்பினாள்.

"இன்னாத்துக்குக்கா காசு குடுத்துகினு கீறீங்க? ஃப்ரீ சாஃப்ட்வேர் ஒண்ணு கீது, நம்மள மாதிரி சின்ன கம்பெனிக்கு அதுவே போதும்" என்றான் அவன். "ஆனா பழசுல கீற குப்பைய அப்படியே தூக்கி இதுல கொட்டிடாதீங்க. ஒவ்வொரு பேரா பாருங்க. எது வரவு, எது செலவு, யாரு நமக்குத் தரணும், யாருக்கு நாம தரணும்னு பிரிச்சுப் போடுங்க. ஒரு வாட்டி ஒழுங்கா அடுக்கிட்டா அப்பால தலைவலி இல்ல."

ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலைக்கு வரவில்லை. துணி வெட்டும் மேசையின் ஒரு மூலையை ஒதுக்கி மடிக்கணினியை வைத்தாள். பக்கத்தில் பழைய ரசீதுப் புத்தகங்கள், ஒரு ஃபிளாஸ்க் டீ. ஃபோனில் வீடியோவைப் பார்ப்பதும் நிறுத்துவதும் அதேபோல் இங்கே செய்வதுமாகக் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தாள்.

பழைய பட்டியலில் முந்நூறு பெயருக்கு மேல் இருந்தன. பாதி குழப்பம் அவள் செய்ததுதான். 'டீ', 'டீ செலவு', 'முருகன் டீக்கடை' என்று மூன்று தலைப்பு. மூன்றும் ஒரே டீ. நூலுக்கு நான்கு தலைப்பு. பொத்தான் துளைக்குக் காஜா போடக் கொடுத்த கூலி, மெஷின் ரிப்பேருக்குள் போய் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றாகச் சேர்த்தும் பிரித்தும் வைக்க வைக்க அவளுக்கே ஒரு சந்தோஷம் வந்தது. அலமாரியைக் கவிழ்த்துத் துணி மடித்து அடுக்குகிற மாதிரிதான் இதுவும் என்று நினைத்துக்கொண்டாள்.

'தர வேண்டியவர்கள்' என்ற பகுதிக்கு வந்தபோது கை நின்றது.

ஷாகிதா – பற்று. ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம்.

நான்கு வருடமாக அந்தப் பெயரை அவள் தாண்டித் தாண்டித்தான் போயிருக்கிறாள்.

ரேவதியும் ஷாகிதாவும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதி ஆடை கம்பெனியில் அடுத்தடுத்த மெஷினில் ஆறு வருடம் உட்கார்ந்தவர்கள். ஒருத்தி காலரைத் தைத்துத் தள்ளினால் மற்றவள் சட்டைக் கையை வைத்துத் தைப்பாள். சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவைத் திறக்காமலே மாற்றிக்கொள்வார்கள். அந்தக் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது இரண்டு பேரும் ஒரே நாளில் வெளியே வந்தார்கள். ரேவதி தாலிச் சங்கிலியை அடகு வைத்தாள், ஷாகிதா சீட்டுப் பணத்தை எடுத்தாள். இரண்டு மெஷினோடு இந்தக் கூடத்தை ஆரம்பித்தார்கள். ஆர்டர் பிடிப்பதும் துணி வாங்குவதும் ரேவதி. கணக்கும் பணப்பெட்டியும் ஷாகிதா. பூந்தமல்லியிலிருந்து ஆவடி வந்து ரயில் ஏறி, ஒருநாள் தவறாமல் எட்டரைக்கு வந்து கூடத்தைத் திறப்பாள். அவள் மகள் குல்ஷன் பள்ளிவிட்டு வந்தால் இந்த வெட்டுமேசைக்கு அடியில்தான் வீட்டுப்பாடம் எழுதும். ரேவதியை அது 'ரேவதிம்மா' என்றுதான் கூப்பிடும்.

நான்கு வருடத்துக்கு முன் மே மாதம் குல்ஷனுக்குக் கல்யாணம். ஜூனில் கணக்கைக் கூட்டியபோது கையிருப்பில் ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம் குறைந்தது. இருக்க வேண்டும் என்று கணக்கு சொன்னது. பெட்டியிலும் இல்லை, வங்கியிலும் இல்லை. ஷாகிதா திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தாள். "எங்கியோ தப்பு நடந்துகீதுடி, நான் பார்க்கிறேன்" என்றாள்.

ரேவதியின் புருஷன் ஜெகதீசன்தான் வீட்டில் கேட்டான்: "அவ பொண்ணு கையில நாலு வளையல் ஜொலிச்சுதே, பார்த்தியா? அவ புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுற சம்பாத்தியத்துல அது எப்படி வந்துது?"

அந்தக் கேள்வி ரேவதிக்குள் இரண்டு நாள் கிடந்தது. மூன்றாவது நாள், சனிக்கிழமை, மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் கேட்டுவிட்டாள். "குல்ஷனுக்குப் போட்ட வளையல் எங்கேர்ந்துடி வந்துது?"

ஒவ்வொரு மெஷினாக நின்றது. ஷாகிதா அவள் முகத்தையே பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திங்கட்கிழமை காலை வந்தாள், வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள், கூடத்துச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பிறகு பிரிவுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க ஜெகதீசன்தான் போனான். அவள் பங்கில் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். கழித்ததைக் கணக்கில் எப்படி நேர்செய்வது என்று தெரியாமல் அந்தப் பெயர் மட்டும் பட்டியலிலேயே தங்கிவிட்டது.

ரேவதி டீயை ஊற்றிக் குடித்தாள். அந்தப் பெயரை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, 'நாம் தர வேண்டியவர்கள்' பகுதிக்குப் போனாள். துணிக் கடைகள், பொத்தான் கடை, மின்சாரம். எல்லாம் தெரிந்த பெயர்கள்தான். பட்டியலின் கடைசியில் ஒன்று மட்டும் தெரியவில்லை.

ரவிச்சந்திரன் – முன்பணம். ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம்.

யார் இந்த ரவிச்சந்திரன்? இவ்வளவு பணம் முன்பணமாகக் கொடுத்தவன் நான்கு வருடமாகத் துணியும் கேட்காமல், பணமும் கேட்காமல் எப்படி இருப்பான்? பெயருக்குப் பக்கத்தில் ஃபோன் எண் மட்டும் இருந்தது. வாடிக்கையாளர் பகுதியில் பெயரைப் போட்டு, எண்ணைத் தட்டினாள். புதிய மென்பொருள் ஏற்றுக்கொள்ளவில்லை. சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: இந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார் – அருள்மலர் பள்ளி, ஆவடி.

அப்போதுதான் நினைவு வந்தது. ரவிச்சந்திரன் சார், அருள்மலர் பள்ளியின் தாளாளர்.

பழைய மென்பொருளில் அருள்மலர் பள்ளியின் கணக்கைத் திறந்தாள். நான்கு வருடத்துக்கு முன், மே பதினொன்று: முன்பணம் ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம், ரொக்கம். ரவிச்சந்திரன் கணக்கைத் திறந்தாள். மே ஒன்பது: அதே தொகை, ரொக்கம். அந்த வருடத்து ரசீதுப் புத்தகத்தைத் தேடியெடுத்து மே மாதத் தாள்களைப் புரட்டினாள். பள்ளியின் பெயரில் ஒரே ஒரு ரசீதுதான் இருந்தது. எண் 218. கையெழுத்து ரேவதியுடையது.

அந்த நாள் முழுதாகத் திரும்பி வந்தது. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறேன் என்று ஷாகிதா இரண்டு நாள் விடுப்பு எடுத்திருந்தாள். தாளாளர் பணத்தோடு வந்தபோது ரேவதியே வாங்கினாள், ரசீது கொடுத்தாள், மறந்துவிடுவோம் என்று கணினியிலும் எழுதினாள். ஆள் பெயரைப் போட்டு எழுதினாள், எப்போதும் போல. விடுப்பு முடிந்து வந்த ஷாகிதா ரசீதுப் புத்தகத்தைப் பார்த்து, பள்ளியின் பெயரைப் போட்டு எழுதினாள், எப்போதும் போல. வந்த பணம் ஒன்று. எழுதிய வரவு இரண்டு.

இல்லாத பணம்தான் காணாமல் போயிருந்தது.

ரேவதி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த ஜூனிலேயே பட்டியலின் கடைசிவரை போயிருந்தால் இது தெரிந்திருக்கும். ஆனால் வளையல் என்று ஒரு பதில் கிடைத்த பிறகு அவள் தேடவே இல்லை. மதியம் கொண்டுவந்த சாப்பாட்டை அவள் திறக்கவில்லை.

வீட்டில் ஜெகதீசனிடம் சொன்னபோது அவன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். பிறகு, "பணத்த பேங்குல போட்டு அனுப்பிடு. நேர்ல போய் இன்னா பேசுவ? முடிஞ்சு போன கதை" என்றான்.

"உனக்கு முடிஞ்சிருக்கும்" என்றாள் ரேவதி.

மறுநாள் கூடத்தை மூத்த தையல்காரி கன்னியம்மாவிடம் விட்டுவிட்டு, கைப்பையில் காசோலையோடும் அந்த ரசீதுப் புத்தகத்தோடும் கிளம்பினாள். ஆவடியில் பூந்தமல்லி பஸ் ஏறினாள். பருத்திப்பட்டு ஏரி வந்தபோது, இனி இருபது நிமிடம்தான் என்று நினைத்ததும் கைப்பையைத் திறந்து காசோலை இருக்கிறதா என்று பார்த்தாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது? 'அடியே' என்றா? ஷாகிதா தன் கன்னத்தில் ஓர் அறை விட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. அறைந்தால் அழலாம். அழுதால் கட்டிக்கொள்ளலாம்.

மாடி வீட்டின் கதவு திறந்துதான் இருந்தது. ஜன்னலோரம் ஒரு மெஷின். ஷாகிதா தரையில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஹுக் தைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி புதிது, முன்நெற்றியில் நரை புதிது. நிமிர்ந்து பார்த்தாள். திடுக்கிட்டதாகத் தெரியவில்லை.

"வாங்க" என்றாள்.

ரேவதிக்குச் சுருக்கென்றது. பதினாறு வருடப் பழக்கத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை.

"உக்காருங்க. வெயில்ல வந்துகீறீங்க. தண்ணி குடிங்க."

"இன்னாடி இது, வாங்க போங்கன்னுகினு..."

"வயசாயிடுச்சுல்ல. மரியாதையா பேசணும்" என்று சொல்லி எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். டீ போட அடுப்பையும் பற்றவைத்தாள். வீட்டுக்கு வந்த யாருக்கும் செய்வதை எல்லாம் செய்தாள்.

ரேவதி சொல்லத் தொடங்கினாள். புது சாஃப்ட்வேர், பெயர்களைப் பிரித்தது, ஃபோன் எண், ஒரே பணம் இரண்டு பெயரில் ஏறியது. கோவையாக வரவில்லை, முன்னும் பின்னுமாகக் கொட்டினாள். "ஒரே ரசீதுதான்டி. நம்பர்..."

"எரநூத்திப் பதினெட்டு" என்றாள் ஷாகிதா.

டீ பொங்கி வந்தது. அவள் திரும்பி அடுப்பைக் குறைத்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"நீங்க கேட்ட மறுநாளே தெரியும். கணக்க எல்லாம் பிரிண்ட் எடுத்து வச்சிருந்தேன்ல. ஞாயித்துக்கெழம பூரா உக்காந்து ஒண்ணொண்ணா டிக் அடிச்சேன். சாயங்காலம் மாட்டிச்சு." தம்ளரில் டீயை ஊற்றி ரேவதியின் முன் வைத்தாள். "திங்கக்கெழம சிரிச்சுகினேதான் வந்தேன். ரெண்டு பேரும் ரெண்டு வாட்டி எழுதிகீறோம், நாம எல்லாம் ஒரு மொதலாளிங்கன்னு சொல்லிச் சிரிக்கணும்னு நெனச்சுகினே ரயில்ல வந்தேன். வந்து பார்த்தா பணப்பொட்டில புதுப் பூட்டு தொங்குது."

ரேவதி தலையைக் குனிந்துகொண்டாள். பூட்டை மாட்டியது ஜெகதீசன். வாங்கி வரச் சொன்னது அவள்தான்.

"நீ சொல்லியிருக்கலாம்லடி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உன் கால்ல உழுந்திருப்பேன்."

"சொல்லியிருந்தா கணக்கு சரியாயிருக்கும். நீங்க பூட்டு வாங்கினது வாங்கினதுதானே?" ஷாகிதா குரலை உயர்த்தவில்லை. "அந்த வளையல் எங்க மாமியாரோட பழைய நகை. அத அழிச்சுச் செஞ்சது. தனியா கூப்ட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அத்தினி பேரு முன்னால கேட்டப்போ வாய் வரல."

ரேவதி அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். ஷாகிதா காத்திருந்தாள். எழுந்து வந்து தொடவில்லை. "டீ ஆறுது, குடிங்க" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு ரேவதி காசோலையை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்பாள், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று எண்ணியிருந்தாள். ஷாகிதா வாங்கிக்கொண்டாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தேதி, பெயர், தொகை எல்லாவற்றையும் படித்தாள்.

"இது என் காசு. அதனால வாங்கிக்கிறேன். வவுச்சர் கொண்டாந்திருக்கீங்களா?"

ரேவதிக்கு அது தோன்றவே இல்லை. ஷாகிதா ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, பெற்றுக்கொண்டேன் என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதே பழைய கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக.

"திரும்பி வந்துடுடி. பாதி உன்னுது. பத்திரம் புதுசா எழுதிக்கலாம்."

"வேணாங்க. இங்க எனக்கு இது போதும்."

"அப்போ நான் இன்னாதான் செய்யணும்? சொல்லு."

ஷாகிதா ஊசியில் நூலைக் கோத்தாள். இரண்டு முறை தவறி மூன்றாவது முறை கோத்தாள். அப்புறம்தான் பேசினாள். அவர்கள் கூடத்தில் வேலை பார்த்த பெண் ஒருத்தி, குல்ஷன் வாழ்க்கைப்பட்ட தெருவில்தான் குடியிருந்தாள். கல்யாணமாகி மூன்று மாதத்தில் விஷயம் அந்த வீட்டுக்குப் போய்விட்டது.

"யாரும் மூஞ்சிக்கு நேரா ஒண்ணும் கேக்கல. நான் பொண்ணப் பாக்கப் போவேன். போய் உக்காந்ததும் சம்பந்தியம்மா எழுந்து போய் பீரோவப் பூட்டி, சாவிய எடுத்து இடுப்புல சொருகிக்குவாங்க. அப்பால வந்து நல்லா பேசுவாங்க. நாலு வருசமா அப்படித்தான். குல்ஷன் அந்த நேரத்துக்கு சமையல்கட்டுக்குள்ள போயிடும்." நூலைப் பல்லால் கடித்தாள். "நான் இப்போல்லாம் போறதில்ல."

"நான் போறேன். இப்பவே போய் சொல்றேன். வா, சேர்ந்து போலாம்."

"போங்க. ஆனா நான் வரல."

கரையான்சாவடியில், மெட்ரோ பாலத்துக்கு அந்தப் பக்கம், பச்சை கேட் போட்ட வீடு. குல்ஷனின் மாமியார் நல்ல மனுஷிபோலத்தான் இருந்தார். மின்விசிறியைப் போட்டு உட்காரச் சொன்னார். மகன் ஜமீர் வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். குல்ஷன் உள்ளறை வாசலில் நின்றாள். இப்போது பெரிய பெண்ணாகியிருந்தாள். அம்மாவின் முகம் அப்படியே வந்திருந்தது.

ரேவதி கைகூப்பிச் சொன்னாள். "அவங்க ஒரு பைசா எடுக்கலீங்க. தப்பு என்னோடது. ஒரே பணத்த ரெண்டு வாட்டி எழுதிட்டேன். அதுக்கு ரசீது கீது, பாருங்க." புத்தகத்தையே கொண்டுவந்திருந்தாள். 218-ஐத் திறந்து காட்டினாள். இரண்டு பெயரில் ஏறிய கணக்குகளையும் ஃபோனில் படமாகக் காட்டினாள்.

அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கி ஃபோனைப் பார்த்தார். ரசீதைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி ரேவதியின் மடியில் வைத்தார்.

"எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாதும்மா. அதெல்லாம் நாங்க என்னிக்கோ மறந்தாச்சு." கொஞ்சம் நிறுத்தி, இரக்கத்தோடு கேட்பதுபோலக் கேட்டார்: "நாலு வருசம் கழிச்சு இன்னிக்கு வந்து சொல்றீங்களே, அவங்கதான் அனுப்பிச்சாங்களா?"

"இல்லீங்க, நானேதான்..."

"பரவாயில்ல. சிநேகிதிக்காக வந்துகீறீங்க. நல்லதுதான்."

அதற்கு மேல் என்ன சொன்னாலும் இன்னும் பொய்போலத்தான் கேட்கும் என்று ரேவதிக்குப் புரிந்தது. அன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அதை ஊரே நம்பியது. இன்றைக்கு அத்தாட்சியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறாள், ஒருத்தி நம்பவில்லை.

குல்ஷன் கேட்வரை கூட வந்தாள். தெருவில் தண்ணீர் லாரி ஒன்று போனது.

"உங்கம்மா எடுக்கலடா கண்ணு" என்றாள் ரேவதி.

"தெரியும் ஆன்ட்டி."

'ரேவதிம்மா' என்று கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தது தவறு என்று ரேவதி தன்னையே கடிந்துகொண்டாள்.

"நான் உன் வூட்டுக்காரர்கிட்ட ஒரு நாள் வந்து பேசறேன். உன் மாமனார்கிட்டயும் பேசறேன். எத்தினி வாட்டி வேணும்னாலும் வரேன்."

குல்ஷன் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வராதீங்க ஆன்ட்டி. நீங்க வந்ததுக்கு தேங்க்ஸ். ஆனா இனிமே வராதீங்க. இவங்க கொஞ்சம் கொஞ்சமா மறந்துகினு கீறாங்க. போன பெருநாளுக்கு அவங்களே 'உங்கம்மாவ வரச் சொல்லு'ன்னு சொன்னாங்க. இன்னிக்கு நீங்க வந்துட்டுப் போனதும் சாயங்காலம் எல்லாரும் உக்காந்து மறுபடி அதத்தான் பேசுவாங்க."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். குல்ஷன் கேட்டைச் சத்தம் வராமல் மூடிவிட்டு உள்ளே போனாள்.

ரேவதி பிரதான சாலைக்கு நடந்து வந்தாள். மெட்ரோ தூணின் நிழலில் நின்றாள். ஆவடி பஸ் ஒன்று வந்தது, உட்கார இடமும் இருந்தது. கண்டக்டர் இவளைப் பார்த்து, "ஆவடிம்மா, வரியா?" என்று கேட்டார். அவள் தலையசைத்தாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. பஸ் போய்விட்டது. அடுத்ததும் வந்தது, போனது. பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த பெண் தன் நாற்காலியை நகர்த்திப் போட்டு, "உக்காரும்மா, இன்னா ஒடம்புக்கு?" என்று கேட்டாள். ரேவதி அந்த நாற்காலியில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்க, மறைக்காமல் அழுதாள்.